இரண்டாய் இறங்கி வந்தவன்

கடமான்தொட்டியில் அந்த ஐப்பசி அடைமழைக்கு மலைப்பாதை இரண்டாக அறுந்தது, ஓடை இரண்டாகப் பிரிந்தது, பொதுக்கிணற்றின் சுவர் இரண்டாக வெடித்தது, திண்டுக்கல்லில் இருந்து மலையேற வந்த சூசைமாணிக்கமும் இரண்டாகத்தான் இறங்கி வந்தான். ஊர்க்காரர்கள் இதை இந்த வரிசையில்தான் சொல்வார்கள். இவற்றில் பாதையைச் சரிசெய்வதுதான் பெரும்பாடாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள்.

சூசைமாணிக்கம் திண்டுக்கல்லில் கண்ணாடியும் ப்ளைவுட்டும் விற்கிற கடை வைத்திருந்தான். அவன் மனைவி அமலோற்பவத்தை எல்லோரும் அமலி என்றே கூப்பிடுவார்கள்; தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக இருந்தாள். அவளுடைய அண்ணன் ஞானப்பிரகாசம் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். வருஷத்துக்கு ஒருமுறை, லீவு சேர்ந்து வருகிற நாட்களில், மச்சானும் மாப்பிள்ளையும் தங்கள் முதுகைவிடப் பெரிய பைகளை மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு மலையில் ஏறி மறுபக்கம் இறங்குவார்கள். அந்த வருஷம் அடிவாரத்தில் ஏறி, புல்மலையின் தலையைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் காப்பித் தோட்டங்கள் வழியாகக் கடமான்தொட்டியில் இறங்கி பஸ் பிடிப்பதாக ஏற்பாடு.

"வங்கக்கடல்ல தாழ்வு மண்டலம்னு டிவியில சொல்றான். அடுத்த வாரம் போனா மலை ஓடியா போயிரும்?" என்று அமலி கேட்டாள்.

"அவன் மழைன்னு சொன்னா வெயில்தாம்மா அடிக்கும்" என்றார் ஞானப்பிரகாசம், பைக்குள் கூடாரத்தை மடித்துத் திணித்தபடி.

முதல் நாள் அவர் சொன்னபடியே வெயில் அடித்தது. ஆரஞ்சுத் தோப்புகளைக் கடந்து, ஈச்சம்புதர்களைக் கடந்து, தொடை கடுக்க ஏறிப் புல்மலையில் கூடாரம் போட்டார்கள். மறுநாள் விடிந்தபோது மலை இல்லை. மேகம் தரையில் படுத்திருந்தது. மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்து காதுக்குள் பெய்தது, கூடாரத்தின் ஒரு பக்கத்தைக் காற்று கிழித்தது, அடுப்பு பற்றவில்லை, சப்பாத்தி ஊறிக் கூழானது, திரும்பிப் போகலாமா என்றால் வந்த வழியும் வெள்ளம், போகிற வழியும் வெள்ளம். இறங்குவதே மேல் என்று இறங்கினார்கள். சோலைக்காட்டின் விளிம்பில், வழுக்குப்பாறை ஒன்றில், ஞானப்பிரகாசத்தின் கால் போனது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் அத்தனை மழையிலும் கேட்டது.

சூசைமாணிக்கம் அவரை இழுத்து ஒரு பாறைக்கு அடியில் உட்காரவைத்தான். மேலே மரங்கள் வேரோடு சாய்கிற ஓசை வந்தது, மண் சரிகிற ஓசை வந்தது, இன்னும் சற்று நேரத்தில் இந்தப் பாறையும் போகும் என்று அவனுக்குத் தோன்றியது.

"மச்சான், நான் கீழ போய் ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றேன்" என்றான்.

ஞானப்பிரகாசம் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ பிள்ளைகள் வயிற்றுவலி என்று சொல்லி மைதானத்தில் இருந்து நழுவுவதைப் பார்த்த கண் அது.

"போகாத மாப்ள," என்றார். "என்னைத் தனியா விட்டுட்டுப் போகாத."

சூசைமாணிக்கம் போனான். சூசைமாணிக்கம் போகவில்லை. இரண்டும் அந்த ஒரே பாறைக்கு அடியில், அந்த ஒரே மழையில் நடந்தன. போனவன் பையையும் விட்டுவிட்டு, ஒருமுறை திரும்பிப் பார்த்து, பாறைக்கு அடியில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்ததைக் கண்ணில் இறங்கிய தண்ணீர் என்று எண்ணிக்கொண்டு ஓடினான். போகாதவன் கிழிந்த கூடாரத் துணியை எடுத்து மச்சானையும் தன்னையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டான்.

போனவன் அன்று பொழுது சாய்வதற்குள் கடமான்தொட்டிக்கு வந்துவிட்டான். ஊரின் முதல் கூரை கன்னியம்மாளின் டீக்கடை. கன்னியம்மாள் புருஷனை இழந்த பிறகு அந்தக் கடையையும் பாதி ஊரையும் ஒண்டியாக நடத்திவந்தவள். நனைந்து வந்தவனுக்குத் துண்டு கொடுத்து, அடுப்பு முன்னால் உட்காரவைத்து, "கூட யாரும் வந்தாங்களா?" என்று கேட்டாள்.

வந்தார் என்றால் எங்கே என்பார்கள். மேலே என்றால் வழிகாட்டு என்பார்கள். மறுபடி அந்த மழைக்குள் போக வேண்டும்.

"மச்சான் வந்தாரு," என்றான். "ஓடை அடிச்சுட்டுப் போயிருச்சு."

வார்டு மெம்பர் சின்னாண்டி உடனே ஆட்களைக் கூட்டினார். வெள்ளம் கொண்டுபோன உடம்பு கீழேதான் கிடைக்கும் என்பதால் கயிறும் கம்பும் எடுத்துக்கொண்டு எல்லோரும் ஓடையின் கீழ்ப்பக்கமாகப் போய், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, மூங்கில் புதர் ஒவ்வொன்றாகக் குத்திக் குத்தித் தேடினார்கள். அதில் ஒருவருக்குத் தலையில் மரம் விழுந்து மண்டை உடைந்தது. மறுநாளும் அப்படியே தேடினார்கள். மேல்பக்கம் ஒருவரும் போகவில்லை. சூசைமாணிக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அவர்கள் கீழே போவதையும் வெறுங்கையோடு திரும்புவதையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

தண்ணீர்த்தொட்டி மேல் ஏறினால் மட்டும் சிக்னல் கிடைக்கும். சின்னாண்டி அங்கே ஏறி அமலிக்குத் தகவல் சொன்னார். பாதை அறுந்த இடம் வரை பஸ்ஸில் வந்து, அதற்குமேல் சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து, அவள் வந்து சேர்ந்தாள். ஊர்ப் பெண்கள் முறைப்படி அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அழவில்லை. புருஷன் முன்னால் போய் நின்று, "அண்ணன் கடைசியா என்னங்க சொன்னாரு?" என்று மட்டும் கேட்டாள்.

"போகாதன்னு சொன்னாரு" என்றான் சூசைமாணிக்கம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது.

ஓடை அடித்துக்கொண்டு போகிற மனிதன் எதற்குப் போகாதே என்று சொல்வான் என்று அமலி யோசித்துக்கொண்டிருந்தபோதே, மேல்தோட்டத்துக் காப்பிச் செடிகள் விலகின. மழை அப்போது தூறலாகியிருந்தது. மச்சானை முதுகில் ஏற்றி, பையின் வார்களாலும் கூடாரக் கயிறாலும் தன்னோடு சேர்த்துக் கட்டி, முறிந்த காலுக்கு மரக்கிளை வைத்துச் சுற்றி, தோளில் வார் அறுத்த இடத்தில் ரத்தம் சட்டையோடு ஒட்டியிருக்க, சூசைமாணிக்கம் இறங்கி வந்தான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த சூசைமாணிக்கம் கையில் இருந்த கிளாஸைக் கீழே வைத்தான்.

ஊர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. முதலில் வாய் திறந்தது கன்னியம்மாள்தான்.

"உங்களுக்கும் சீனி வேண்டாம்தானே?" என்று வந்தவனிடம் கேட்டாள்.

"வேண்டாம்" என்றான் அவன்.

"அதே ஆளுதான்" என்று அவள் ஊருக்குச் சொல்லிவிட்டு இன்னொரு டீ போட்டாள்.

ஏன் இப்படி ஆனது என்று யாரும் அதிகம் விசாரிக்கவில்லை. முன்பு ஒரு பெருமழையில் சின்னாண்டியின் பாட்டனுடைய எருமை ஒன்று மேய்ச்சலில் இருந்து இரண்டாகத் திரும்பியதாம். ஒன்று பால் கறந்தது, ஒன்று கறக்கவில்லை, தீனி மட்டும் இரண்டுக்கும் வேண்டியிருந்தது. ஆகவே ஊரின் கவலையெல்லாம் ஆகவேண்டிய காரியத்தைப் பற்றித்தான் இருந்தது. ஞானப்பிரகாசத்தின் காலை அமலி அவிழ்த்துக் கழுவி, நேராக்கி, பலகை வைத்துக் கட்டினாள். சூசைகள் இருவரையும் ஒரே வீட்டில் படுக்கவைப்பதா, தனித்தனி வீட்டிலா என்று பேச்சு வந்து, தனித்தனி வீடு என்று முடிவானது. யாரை எப்படிக் கூப்பிடுவது என்று பேச்சு வந்து, பிந்தி வந்தவன் மேல்சூசை, முந்தி வந்தவன் கீழ்சூசை என்று ஆனது. திண்டுக்கல்லில் இருந்து கடைப்பையன் போன் செய்தபோது தண்ணீர்த்தொட்டி மேல் நின்றிருந்த இருவரின் சட்டைப்பைகளும் ஒரே பாட்டைப் பாடின. இருவரும் எடுத்தார்கள். எட்டு எம்.எம். ப்ளைவுட் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

ஆனால் கீழே தேடி மண்டை உடைந்தவர் ஊருக்குள் கட்டோடு நடமாடிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கப் பார்க்க ஊருக்கு ஆத்திரம் ஏறியது. சின்னாண்டி ஞானப்பிரகாசத்திடம் வந்து உட்கார்ந்தார்.

"வாத்தியாரே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க மாப்பிள்ளை உங்களை விட்டுட்டுப் போனாரா, இல்லையா?"

"போனான்."

"அப்ப மேல இருந்து தூக்கிட்டு வந்தது?"

"அதுவும் அவன்தான்." ஞானப்பிரகாசம் கண்ணை மூடிக்கொண்டார். "எனக்கு ரெண்டும் ஞாபகம் இருக்குங்க. அந்தப் பாறைக்கு அடியில ஒத்தையில கிடந்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போச்சு. அதே நேரம் அவன் என்னைக் கட்டிப்பிடிச்சு உக்காந்திருந்தான், அவன் மூச்சு என் கழுத்துல சூடா பட்டுது. எது நிசம்னு கேக்காதீங்க. தொண்டை இன்னும் வலிக்குது."

மறுநாள் காலையில் பாதையை ஒருவாறு ஒட்டுப்போட்டுச் சரிசெய்துவிட்டார்கள், மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஜீப் வரும் என்று சேதி வந்தது. கன்னியம்மாள் கடை முன்னால் ஊர் கூடியது. பேச அதிகம் இல்லை. மேல்சூசை பொண்டாட்டியோடும் மச்சானோடும் ஜீப்பில் வீட்டுக்குப் போவது, கீழ்சூசை மலையின் அந்தப் பக்கமாக இறங்கி எங்கேயாவது போய் இனி இந்த முகத்தை ஒருவருக்கும் காட்டாமல் இருப்பது. இதில் மறுப்பு இருக்கிறதா என்று சின்னாண்டி கேட்டார்.

"இல்லைங்க. போயிர்றேன்" என்றான் கீழ்சூசை. கன்னியம்மாள் அவனுக்குப் புளிச்சோறு கட்டி வைத்திருந்தாள்; வைதுகொண்டேதான் கட்டினாள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் அமலி. "நான் ரெண்டு பேர்கிட்டயும் பேசணும்."

முதலில் மேல்சூசையிடம் போனாள். அவன் தோளில் வார் அறுத்த புண்களுக்கு மருந்து தடவினாள். தன் அண்ணனைச் சுமந்த தோள். அதைத் தொட்டபோது அவளுக்குக் கண் நிறைந்தது. பதினெட்டு வயசில் கோயில் வாசலில் பார்த்த நாளில் இருந்து இவன் இப்படி ஒருவனாக இருக்க வேண்டும் என்றுதான் அவள் ஆசைப்பட்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டா? அந்த நேரத்துல உங்களுக்கு ஓடிரலாம்னு தோணவே இல்லையா?"

அவன் யோசித்தான். உண்மையாகவே தேடிப் பார்த்தான்.

"இல்ல அமலி. கொஞ்சம்கூடத் தோணல."

"பயம்?"

"அதுவும் இல்ல. ஏன் பயப்படணும்? அவனைப் பார்த்தாத்தான் அருவருப்பா இருக்கு. எப்படி ஒரு மனுசன் விட்டுட்டுப் போவான்? எனக்கு விளங்கவே இல்ல."

அவனுக்கு விளங்கவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. வீட்டில் பல்லி விழுந்தால் கட்டில் மேல் ஏறுகிறவன், அவள் அப்பா செத்த அன்று பிணத்தைப் பார்க்கப் பயந்து பந்தல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டே நின்றவன், பிறகு ஒரு மாதம் அவள் அம்மாவுக்குத் தினமும் இட்லி வாங்கிக்கொண்டு போனவன். அவனை இந்த முகத்தில் அவள் தேடினாள். நல்ல முகமாக இருந்தது. கிடைக்கவில்லை.

பிறகு கீழ்சூசையிடம் போனாள். அவன் சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் உட்கார்ந்திருந்தான். அவள் ஓங்கி ஓர் அறை விட்டாள். பொட்டலம் விழுந்தது. அவன் எடுக்கவில்லை.

"எங்க அண்ணன் மேல உசுரோட கிடக்கறாருன்னு தெரிஞ்சும் இவங்களைக் கீழ தேட விட்டீங்கள்ல?"

"ஆமா."

"எப்படிங்க மனசு வந்துச்சு?"

"மனசு வரல. ஒவ்வொரு அடிக்கும் திரும்பணும்னுதான் இருந்துச்சு. காலு திரும்பல. பெஞ்சில உக்காந்திருந்தப்பவும் சொல்லிரணும், சொல்லிரணும்னே இருந்தேன். வாய் வரல." அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "பயம் அமலி. வேற ஒண்ணும் இல்ல."

"நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா?"

அவன் அழுதான். இருப்பேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தான். ஆனால் வந்த சொல் வேறு.

"தெரியல" என்றான்.

அமலி குனிந்து பொட்டலத்தை எடுத்து மண்ணைத் தட்டினாள். திரும்பி வந்து ஊர் முன்னால், "நான் இவரைக் கூட்டிட்டுப் போறேன்" என்று கீழ்சூசையைக் காட்டினாள்.

ஊர் ஒரே குரலில் கத்தியது. மண்டையில் கட்டுப்போட்டவர் காறித் துப்பினார். கன்னியம்மாள் மட்டும் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே, "அந்தம்மா குடும்பம் நடத்துன ஆளு எதுன்னு அந்தம்மாவுக்குத்தானே தெரியும்" என்றாள்.

மேல்சூசை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"நான் என்ன தப்புப் பண்ணினேன் அமலி?"

அமலி கையில் இருந்த பொட்டலத்தை டீக்கடை பெஞ்சில் வைத்தாள்.

"ஒரு தப்பும் பண்ணலங்க," என்றாள். "எங்க அண்ணன் உசுரு நீங்க குடுத்தது. உங்களை இந்த ஊரே வச்சுக்கும், எந்த ஊரும் வச்சுக்கும். அவருக்கு என்னை விட்டா யாரு இருக்கா?" என்று சொல்லி, எல்லோரும் பார்க்க அவன் கால்களைத் தொட்டுக் கும்பிட்டாள். அவன் அவளைத் தூக்கி நிறுத்தினான். அவன் கை அவள் தோளை விட வெகுநேரம் ஆனது.

மேல்சூசை கடமான்தொட்டியிலேயே தங்கிவிட்டான். பிற்பாடு அவனுக்குக் கன்னியம்மாள் கடைக்குப் பின்னால் ஒரு வீடு கட்டிக் கொடுத்தார்கள். பிள்ளைப்பேறு என்றாலும் பாம்புக்கடி என்றாலும் டோலி கட்டித் தூக்க அவன்தான் முதல் ஆள். எத்தனை மழையிலும் வருவான், வழியில் ஒருவரையும் கீழே வைக்கமாட்டான். விட்டுப் போகிற எண்ணமே இல்லாதவனால் சில சங்கடங்களும் இருந்தன. கல்யாண வீட்டுக்குப் போனால் கடைசி அண்டாவைக் கழுவிக் கவிழ்க்கும்வரை எழுந்திருக்கமாட்டான். யானை வந்து எல்லோரும் ஓடுகிறபோதும் தன் காவல் பரணில் அப்படியே உட்கார்ந்திருப்பான், நாலு பேர் போய் இழுத்துவர வேண்டும். ரேஷன் கார்டு கேட்டுப் போனபோது இந்தப் பேரும் இந்தக் கைரேகையும் திண்டுக்கல்லில் இருக்கிறதே என்றார்கள். ஊரே சேர்ந்து போய் நின்று, அது அவர், இது இவர் என்று சொல்லி வாங்கித் தந்தது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று காலை ஜீப் வந்து நின்றபோது ஞானப்பிரகாசம் ஏறமாட்டேன் என்றார்.

"என்னைச் சாகவிட்டுப் போனவன்கூட ஒரே வண்டியில நான் வரமாட்டேன்."

"அப்ப நடந்து வாங்கண்ணே" என்றாள் அமலி.

அவர் தங்கையை முறைத்தார். பிறகு நாலு பேர் தூக்கப் பின்சீட்டில் நீளவாக்கில் படுத்தார். முறிந்த காலை யாராவது மடியில் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று அமலி சொன்னாள். அவள் தலைமாட்டில் அண்ணனின் தோளை அணைத்து உட்கார்ந்துகொண்டதால், கால்மாட்டில் கீழ்சூசைதான் மிச்சம். அவன் ஏறி உட்கார்ந்து, காலை மடியில் ஏந்திக்கொண்டான். ஞானப்பிரகாசம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊர் வழியனுப்பியது. மேல்சூசை ஜீப்பின் பின்னால் கொஞ்ச தூரம் நடந்து வந்து நின்றான்.

கொண்டையூசி வளைவுகளில் ஜீப் இறங்கியது. ஒவ்வொரு குழிக்கும் ஞானப்பிரகாசம் அம்மா என்றார். பாதை அறுந்த இடத்தில் புதுமண் கொட்டி, மூங்கில் பரப்பி, ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி செய்திருந்தார்கள். ஒரு பக்கம் பள்ளம். மறுபக்கம் ஈரம் சொட்டுகிற செம்மண் சுவர்; அதில் இருந்து பொடிக்கற்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. டிரைவர் நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"பாரம் தாங்காது. வாத்தியார் மட்டும் இருக்கட்டும், மத்தவங்க இறங்கி நடந்து அந்தப் பக்கம் வந்துருங்க. சீக்கிரம், மேல மண்ணு நிக்காது."

அமலி அண்ணனின் தலைக்குக் கீழே பையை வைத்துவிட்டு இறங்கினாள். புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே நடந்து போய் அந்தப் பக்கம் நின்றாள். கீழ்சூசையின் ஒரு கை கதவில் இருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. மேலே இருந்து தலையளவுக் கல் ஒன்று உருண்டு, ஜீப்பின் முன்னால் விழுந்து, பள்ளத்துக்குள் போனது. வெகுநேரம் கழித்துத்தான் அது அடியில் மோதிய சத்தம் வந்தது. அவன் பற்கள் அடித்துக்கொள்வது ஞானப்பிரகாசத்துக்குக் கேட்டது. அவன் தொடை நடுங்குவது முறிந்த கால் வழியாக அவர் உடம்பெல்லாம் ஏறியது.

மலையில் இருந்து இறங்கிய பிறகு முதன்முதலாக அவர் அவனிடம் பேசினார்.

"இறங்கணும்னா இறங்கிக்க."

"இறங்கணும்னுதான் இருக்கு மச்சான்" என்றான் சூசைமாணிக்கம்.

கதவைச் சாத்தினான். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார், கியரைப் போட்டார். மூங்கில்கள் முனக, ஜீப் அந்தப் புதுமண்ணில் ஏறியது. சூசைமாணிக்கம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாய்விட்டு அழுதுகொண்டு, காலை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான்.

"கொஞ்சம் ஒசத்திப் பிடி" என்றார் ஞானப்பிரகாசம்.

அவன் ஒசத்திப் பிடித்தான்.